அவரு மெட்டு அவருக்கே

சன்னல் ஓரம் நீங்களே இருந்துக்கிடுங்க தம்பி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், இன்னைக்கு இருப்புக் கொள்ளாது. திருநெல்வேலியில ஏறினதுல இருந்து இந்தப் பெட்டிக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கேன். நீங்க மதுரையில ஏறுததுக்கு முன்னாடியே காப்பி விக்குதவரு கேட்டுட்டாரு, "யாரையும் தேடுதீங்களா சார்"னு. யாரைத் தேட? ஒரு போன் வரணும், அவ்வளவுதான். மத்தியானம் டைரக்டர் படம் பாக்காரு. பாத்துட்டுக் கூப்பிடுவாரு. கூப்பிடாம இருக்க மாட்டாரு.

என் மக படம். இல்ல இல்ல, நடிக்கல. மியூசிக். எப்சிபான்னு பேரு, நாங்க எப்சின்னு கூப்பிடுவோம். அவளுக்கு இது முத படம். சென்னைக்கு வந்து ரெண்டு வருஷமா விளம்பரத்துக்குப் போட்டுக்கிட்டுக் கெடந்தா. நகைக்கடை, பல்பொடி, அப்பளம். இப்பந்தான் ஒருத்தரு நம்பிக் கூப்பிட்டிருக்காரு. இது நின்னாத்தான் தம்பி அடுத்தது. முத படம் சறுக்கிட்டுன்னா பொறவு உங்க போனை எவனும் எடுக்க மாட்டான், நான் இதைக் கண்ணால பாத்தவன். அதனாலதான் அவளுக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணியிருக்கேன். அது பலிச்சிட்டான்னு தெரியுத வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

என்ன காரியம்ங்கீங்களா? சொல்லுதேன். ஆனா வெண்டலைப் பத்திச் சொல்லாம அதைச் சொல்ல முடியாது.

வெண்டல் டக்கெட்னு பேரு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, மெட்டைப் போட்டா அமெரிக்காவுல பாதிப்பேரு நின்னு கேப்பான். பாட்டு எழுதுதவரா ஆரம்பிச்சு, பொறவு சினிமாவுக்கு மியூசிக் போட்டவரு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல நான் அவருகிட்டதான் இருந்தேன், தலைமுடி கறுப்பா இருந்த காலத்துல இருந்து இந்தக் கோலம் ஆகுத வரைக்கும். மியூசிக் எடிட்டர் வேலை. அவரு எழுதுவாரு. அது படத்துல எங்க தொடங்கணும், எங்க நிக்கணும்னு நான் வெட்டிப் பொருத்துவேன். துணி அவருது, காஜாவும் பொத்தானும் நான்னு வச்சிக்கிடுங்க. என் பேரு ஏசுவடியான். அது வெள்ளக்காரன் வாயில எங்கன நுழையும்? "ஜெஸ்ஸி"ன்னு ஆக்கிட்டாரு. பொம்பளப்பிள்ளையைக் கூப்பிடுத மாதிரி இருக்குன்னு என் வீட்டுக்காரி சிரிப்பா.

அவரு ஊரு அலபாமாவுல ஒரு பட்டிக்காடு. அவங்க அப்பா பஞ்சர் கடை வச்சிருந்தாரு. அங்க உள்ள கோயில்ல, சர்ச்சைத்தான் சொல்லுதேன், ஒரு பழக்கம் கேட்டுக்கிடுங்க. பாட்டு நோட்டுல முக்கோணம், வட்டம், சதுரம்னு வடிவம் போட்டிருப்பாங்களாம். பாட்டோட வார்த்தையைப் பாடுததுக்கு முந்தி, அந்த வடிவத்துக்கு உள்ள ஸ்வர எழுத்தை, "ஃபா, சொல், லா"ன்னு எல்லாரும் சத்தமாப் பாடிருவாங்களாம். பொறவுதான் வார்த்தை. நம்ம பாளையங்கோட்டைக் கோயில்ல என்ன? அதேதான! பாடகர் குழுவுல நாங்களும் டோ ரே மி எழுத்தைத்தான் முதல்ல பாடிப் படிப்போம். கோடு போட்ட மியூசிக் நோட்டெல்லாம் ஆர்கன் வாசிக்குதவருக்கு மட்டுந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஸ்டூடியோவுல ஒயரைச் சுருட்டிக்கிட்டே வாய்க்குள்ள எழுத்தைப் பாடிக்கிட்டு இருந்தேன். பின்னாடி இருந்து ஒரு கட்டைக் குரல் அடுத்த வரியை எழுத்துலேயே பாடுது. திரும்பினா இவரு. அன்னைக்குப் பிடிச்ச சினேகம்.

இவரு முதல்ல நாஷ்வில்ல இருந்தாரு. அந்த ஊருல பாட்டு எழுதுததே ஆபீஸ் சோலி மாதிரி. காலையில போய் ஒரு அறையில ரெண்டு பேரா உக்காந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஒரு பாட்டைக் கட்டிப் போடணும். அப்படிக் கட்டினதுல ஒண்ணு, புருஷன் வருவான்னு வாசல் விளக்கை அணைக்காம வச்சிருக்குத ஒருத்தியைப் பத்தி, நாடு முழுக்க ஓடிட்டு. பாடினவனுக்குப் பேரு. இவரை எவனுக்கும் தெரியாது. அந்தச் சமயம் பாத்து இவரு பெண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. குடி. ஒரு கார் ஷெட்டுல போய்க் கெடந்தாரு. ஒரு சிநேகிதன் சின்னதா ஒரு படம் எடுத்தான், காசு கிடையாது, "நீ மியூசிக் போடேன்"னான். பியானோவை ஒத்தை விரலால மெதுவாத் தட்டி, கூட வயலினுக்கு அக்கா மாதிரி ஒரே ஒரு வயோலா வச்சு, அந்த ஷெட்டுலேயே போட்டுக் குடுத்தாரு. படம் எங்கேயோ உசரத்துக்குப் போயிட்டு. பெரிய பரிசுக்கு இவரு பேரும் போச்சு. கிடைக்கல, அது வேற கதை. ஆனா அந்தப் பியானோவைக் கேட்டு அழாதவன் கிடையாது. நானே தியேட்டர்ல கண்ணைத் துடைச்சிருக்கேன், அப்போ எனக்கு அவரைத் தெரியவே தெரியாது.

ரெண்டாவது படத்துல நான் சேர்ந்தேன். இப்போ கவனமாக் கேளுங்க, எல்லாம் இதுலதான் இருக்கு.

படத்தை வெட்டி ஒட்டி முடிக்கும்போது மியூசிக் இருக்காது. அதுக்கு மேலதான் எழுதவே உக்காருவாரு. ஆனா மியூசிக் இல்லாம ஒரு படத்தைப் பாருங்க, செத்த வீடு மாதிரி இருக்கும். காசு போட்டவன் பயந்துருவான். அதனால எடிட்டர் என்ன செய்வான், ஏற்கனவே வந்த வேற ஏதாவது படத்து மியூசிக்கை எடுத்துத் தற்காலிகமா அடியில போட்டு வைப்பான். டெம்ப்னு சொல்லுவோம். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வரதுக்கு முந்தி அந்த நாற்காலியில யாராவது சின்னப் பிள்ளையை உக்கார வைப்பாங்கல்லா, அது மாதிரி. புது மியூசிக் வந்ததும் டெம்பை எடுத்துத் தூரப் போட்டுரணும். இதுதான் முறை.

எல்லாவனும் அடுத்தவன் மியூசிக்கைத்தான் டெம்பா வைப்பான். நான் யோசிச்சேன். அடுத்தவன் மியூசிக்கை வச்சு, டைரக்டர் அதுல மயங்கிட்டான்னா? "இவனையே கூப்பிடுவோமே"ன்னு வெண்டலைத் தூக்கிருவான். நடந்திருக்கு, எத்தனையோ பேருக்கு நடந்திருக்கு. கையில வெண்ணெயை வச்சிக்கிட்டு நெய்க்கு அலைவானேன்? வெண்டல் படத்துக்கு வெண்டலோட பழைய பியானோவையே வச்சேன். அவரு மெட்டு அவருக்கே.

ஆஹா, டைரக்டர் எந்திரிச்சு நின்னுட்டாரு தம்பி. "இதுதான்! வெண்டல், எனக்கு இதே மாதிரி ஒண்ணு குடு"ன்னு கட்டிப் பிடிக்காரு. வெண்டல் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "ஜெஸ்ஸி, எனக்கு நானே போட்டியா?"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு பெருமை. அந்தப் படமும் ஓடிச்சு. அதுல இருந்து நிக்கவே இல்ல. லாரிக்காரன் கதையா, வெண்டல். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனா, வெண்டல். மழையில ஒருத்தன் தனியா நடந்தான்னா வெண்டல். ஒவ்வொண்ணுக்கும் நான் பழைய பியானோவை டெம்பா வைப்பேன், டைரக்டர் மயங்குவான், அவரு அதே மாதிரி கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுப்பாரு. மலைமேல வீடு வாங்கினாரு. குடியை விட்டாரு. இதெல்லாம் யாரால?

யாராலங்கேன்?

சும்மா கேட்டேன், நீங்க பதில் சொல்ல வேண்டாம்.

கொஞ்ச வருஷம் கழிச்சு அவரு சிரிக்கிறது நின்னுட்டு. "ஜெஸ்ஸி, இந்தத் தடவை வேற யாரையாவது வையி. என்னை வைக்காதே"ன்னாரு. நான் சரின்னேன். பொறவு இன்னொரு நாளு, "ஒண்ணுமே வைக்காதே, வெறும் காத்துச் சத்தம் வையி"ன்னாரு. அதுக்கும் சரின்னேன். ஆனா பெரிய மனுசங்க கோவத்துல சொல்லுததை எல்லாம் செய்ய முடியுமா? அவரு பழைய பியானோவையே எடுத்து வேகத்தைக் குறைச்சு, ஸ்வரத்தைக் கொஞ்சம் இறக்கி, அவருக்கே அடையாளம் தெரியாத மாதிரி வச்சேன். டைரக்டருக்குத் தெரியலயே தவிர மனசுக்குப் பிடிச்சிட்டு. "இது யாரு? அருமையா இருக்கே, இது மாதிரி வேணும்"ங்காரு. வெண்டல் கேட்ட உடனே கண்டுபிடிச்சிட்டாரு. வெளிய போய்க் காருக்குள்ள ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாரு. "நான் குடிச்சிக்கிட்டுக் கெடந்த வருஷம் அது, ஜெஸ்ஸி. அந்த வருஷத்தை விட்டு என்னை வெளிய வர விட மாட்டேங்கியே"ன்னாரு. பழசை எல்லாம் நினைச்சு வருத்தப்படுதாரு பாவம்னு, நான் தோளைத் தட்டிக் குடுத்துட்டு வந்தேன்.

திருச்சியா? ஆமா, காவேரி. தண்ணி போகுது பாத்தீங்களா. எனக்கு ஒரு நிமிஷம், சிக்னல் இருக்கான்னு பாத்துக்கிடுதேன். இருக்கு. மத்தியானம்னுதான் சொன்னாரு, மணி இன்னும் ஆகல.

எங்க விட்டேன்? ஆங், கார்ல உக்காந்திருந்தாரா, அதுக்குப் பொறவு ஒரு பாட்டுக்கூட்டத்தைப் பிடிச்சாரு. ஒரு படம் வந்துச்சு, பஞ்சு மில்லுல வேலை பாத்தவங்க கதை. வெண்டல் என்ன செஞ்சாரு, யாரு டெம்பையும் பாக்க மாட்டேன்னு ஊருக்குக் கிளம்பிப் போயிட்டாரு. அலபாமாவுல அந்தப் பழைய கோயில்ல பாடுத ஆளுங்களை, விவசாயி, நர்ஸு, லாரி ஓட்டுதவரு எல்லாரையும் சதுரமா உக்கார வச்சு, அந்த ஃபா சொல் லா எழுத்தை வச்சே மியூசிக் எழுதி ரெக்கார்ட் பண்ணிக் கொண்டு வந்தாரு. வார்த்தையே கிடையாது. தொண்டை கிழியுத மாதிரி பாடுதாங்க. நயம் கிடையாது, குழைவு கிடையாது. ஆனா நான் பொய் சொல்லக் கூடாது, கேட்டப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிட்டு. நம்ம கோயில்ல ஈஸ்டருக்கு விடியக்காலம் பாடுவோமே, அந்த நினைப்பு வந்துட்டு. வெண்டல் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்காரு. "எப்படி?"ங்காரு. சின்னப் பிள்ளை மார்க் சீட்டை நீட்டுத மாதிரி நிக்காரு, அறுபது வயசு மனுசன்.

நான் என்ன சொல்லணும்? நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். ஆனா டைரக்டர் அதுக்குள்ள மாசக்கணக்கா என் டெம்பைப் பாத்துப் பழகிட்டாரு. ஆமா, நான் பழைய பியானோவைத்தான் வச்சிருந்தேன். வெறும் படத்தையா குடுக்க முடியும்? அவரு இந்தப் பாட்டைக் கேட்டுட்டுச் சொன்னாரு: "நல்லாத்தான் இருக்கு வெண்டல். ஆனா அது இருக்கே, முன்ன கேட்டது, அதுதான் மனசுல நிக்குது." முடிஞ்சிட்டு. அந்தக் கோயில் பாட்டு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. வெண்டல் ஒரே வாரத்துல பியானோவைத் தட்டி எழுதிக் குடுத்தாரு. படம் நல்லாத்தான் ஓடிச்சு. நான் அவருகிட்ட, "பாத்தீங்களா, ஜனங்களுக்கு உங்களைத்தான் பிடிக்குது"ன்னேன்.

அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடல.

ஒரு வார்த்தை சொல்லல தம்பி. வேற ஒருத்தனை வச்சிக்கிட்டாரு. எனக்கு இன்னொருத்தர் சொல்லித்தான் தெரியும். அவ்வளவு காலம் பக்கத்துல இருந்தவன், அவரு வீட்டுக்குச் சாம்பார் கொண்டு போய்க் குடுத்தவன் நான். என் பெண்டாட்டி செத்தப்போ பெட்டியைத் தூக்கினவரு அவரு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நம்ம ஊருல சொல்லுதோம். அவங்க ஊருல அதெல்லாம் ஏது? அந்தப் படத்தோட அவரும் ஓஞ்சிட்டாரு. மலைமேல வீட்டை வித்துட்டு அலபாமாவுக்கே போயிட்டாரு. அங்க ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு அந்த வடிவ நோட்டுல பாட்டுச் சொல்லிக் குடுக்காராம். இவ்வளவு பெரிய ஆளு!

நான் ரோசம் பாக்கல. நாடு திரும்புததுக்கு முந்தி ஒரு தடவை போய்ப் பாத்தேன். நல்லா வரவேத்தாரு. மக்காச்சோள ரொட்டி சுட்டுக் குடுத்தாரு. வண்டியில கூட்டிட்டுப் போகும்போது ரேடியோவுல ஏதோ இன்சூரன்ஸ் விளம்பரம், அடியில அவரு பியானோ ஓடுது, அதே அந்த ஷெட்டுப் பியானோ. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அவரு தலையைச் சாய்ச்சுக் கேட்டாரு. பொறவு என்னைப் பாத்து, "இது யாரு போட்டது ஜெஸ்ஸி? சோகமான ஆளா இருப்பான் போல"ன்னாரு. ஞாபகம் போயிட்டு தம்பி. சொந்த மெட்டே அடையாளம் தெரியல. "நீங்கதான்"னேன். "இல்ல, நீ"ன்னுட்டு ரேடியோவை அணைச்சாரு. அவ்வளவு தூரத்துக்கு மறதி. வந்து என் மககிட்டச் சொன்னேன், "அங்கிளுக்கு மறதி வியாதி"ன்னு. அவ என்னையே பாத்தா. "அவருக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னா. சின்னதுல இருந்து அவரு மடியில வளந்தவ, அதனால ஒத்துக்கிட மனசு வரல.

இன்னும் அவருகிட்டப் பேசுதா. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இந்தப் படம் கிடைச்ச உடனே எனக்கு முந்தி அவருக்குத்தான் சொல்லியிருக்கா. அவரு என்ன சொல்லிக் குடுத்தாருன்னு நினைக்கீங்க? "அப்பாவைப் பக்கத்துல விடாதே"ன்னு! அவளே சிரிச்சிக்கிட்டுச் சொன்னா. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய?

படம் தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குத ஒரு பொம்பளையைப் பத்தி. டைரக்டர் பேரு கார்முகிலன், சின்ன வயசு, மரியாதைப்பட்ட ஆளு. நான் ஹாலிவுட்ல இருந்தவன்னு தெரிஞ்சதும் அவரேதான் கூப்பிட்டாரு. "சார், நீங்க ஒரு டெம்ப் போட்டுக் குடுத்தா எங்களுக்குப் பாக்கியம்"னாரு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஆனா எப்சிகிட்டக் கேட்டேன், கேக்காம இல்ல. "வேண்டவே வேண்டாம்ப்பா"ன்னா. "படத்தை நான் சும்மா பாக்கணும். ஒண்ணும் இல்லாமப் பாக்கணும். எனக்காக இது ஒண்ணு மட்டும் செய்யுங்க"ன்னு கையைப் பிடிச்சிக்கிட்டா. நானும் சரின்னேன்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? மாசக்கணக்கா உப்பளத்துலேயே போய்க் கெடந்தா. மூஞ்சியெல்லாம் கருத்துப் போயிட்டு. பலகையை வச்சு உப்பை வாருவாங்கல்லா, அந்தச் சத்தத்தைப் பிடிச்சிட்டு வந்திருக்கா. அங்க உள்ள பொம்பளைங்க வேலை பாக்கும்போது மூச்சு விடுத சத்தம், அதுக்கு ஊடால ஒரு முனகல், அதையெல்லாம் வச்சு ஏதோ பண்ணுதா. உப்பு வாருத சத்தத்துக்கு எவன் டிக்கெட் எடுப்பான், நீங்களே சொல்லுங்க? எனக்குத் தூக்கம் போயிட்டு. வெண்டலை அந்தக் கோயில் பாட்டு கவிழ்த்துச்சே, அதே பள்ளத்துலதான் இவளும் போய் விழப்போறா. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா? பெத்தவன்லா?

அவகிட்ட ஒரு மெட்டு இருக்கு தம்பி. அவ அம்மா, என் கனி, செல்வக்கனி, புத்துநோய் வந்து இறந்தப்போ இவ காலேஜ்ல படிச்சிக்கிட்டு இருந்தா. அடக்கத்தன்னைக்குக் கோயில்ல பியானோவுல உக்காந்து ஒண்ணு வாசிச்சா. அவளே கட்டினது. வந்திருந்த வெள்ளக்காரங்க எல்லாரும் அழுதாங்க. வெண்டல் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. நான் அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், தினமும் கேக்கேன். காலையில பல்லு விளக்குததுக்கு முந்தி கேக்கேன். அதைக் கேக்கும்போது கனி அடுக்களையில நிக்குத மாதிரியே இருக்கும். முடிஞ்சதும் வீடு வெறிச்சுனு ஆயிரும், திரும்பப் போடுவேன். எப்சிக்கு அது பிடிக்காது. லீவுக்கு வந்தா, "அப்பா, நான் இருக்கும்போது அதைப் போடாதீங்க. நான் அதை இனிமே கேக்க மாட்டேன்"ங்கா. இவ்வளவு அருமையான ஒண்ணைப் பண்ணிட்டு, கேக்க மாட்டேங்கா! பிள்ளைகளுக்குத் தங்கள் அருமை தெரியாது தம்பி, பெத்தவங்களுக்குத்தான் தெரியும்.

இப்பப் புரிஞ்சிருக்குமே. கார்முகிலன் தம்பிகிட்டப் படத்தை வாங்கி, கனிக்கு வாசிச்ச அந்த மெட்டை எடுத்து, உப்பளத்துக்காரிக்கு அடியில வச்சேன். அவ நடக்கும்போது, புருஷனைத் தேடும்போது, கடைசியில அந்த வெள்ளை வெயில்ல தனியா நிக்கும்போது. எப்படிப் பொருந்திச்சுங்கீங்க! எனக்கே கண்ணு நிறைஞ்சிட்டு. நேத்து அனுப்பிட்டேன். இன்னைக்கு மத்தியானம் காசு போட்டவரையும் வச்சிக்கிட்டுப் பாக்காங்க. எப்சிக்குத் தெரியாது. போய் அவ முன்னாடி நின்னு, "உன் மெட்டு உனக்கே"ன்னு சொல்லணும், அதுக்குத்தான் இந்த ரயில்.

என்ன கேட்டீங்க?

அவ புதுசாப் பண்ணினது எப்படி இருக்குன்னா? இருக்கு, அனுப்பியிருக்கா. ஞாயித்துக்கிழமை வாட்ஸப்புல வந்துச்சு. "அப்பா, முழுசாக் கேளுங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கீங்க, வேற யாருக்கும் இன்னும் அனுப்பல"ன்னு எழுதியிருந்தா. தொடக்கம் கேட்டேன். சொரண்டுத சத்தம், மூச்சு... அவ மாதிரியே இல்ல. அணைச்சிட்டேன். சரி, உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னா கேளுங்க. ஹெட்செட் வச்சிருக்கீங்கல்லா, இந்தாங்க, இதுல மாட்டுங்க. நீங்க வெளியாள், உள்ளதைச் சொல்லுவீங்க.

கேக்குதா? சொரண்டுதா? ஆமா, அதேதான்.

நீங்க கேளுங்க, நான் பேசல.

விழுப்புரம் போயிட்டு பாத்துக்கிடுங்க. தண்ணி குடிக்கீங்களா? வேண்டாமா. கண்ணை மூடிட்டீங்க. காலையில எந்திரிச்ச அசதி, எனக்கும் அப்படித்தான். போனை என் கையில குடுத்துட்டாக்கூட... இல்ல, பரவாயில்ல, முடிச்சிட்டுக் குடுங்க. டைரக்டர் கூப்பிட்டா அதுலதான் அடிக்கும், அதுக்காகச் சொன்னேன். இது இவ்வளவு நீளமா? தம்பி, என்ன, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க? தூசி விழுந்திட்டா? ஏசி பெட்டியில ஏது தூசி?

இருங்க இருங்க, அடிக்குது! குடுங்க, ஒயரை உருவிட்டுக் குடுங்க!

ஹலோ. சொல்லுங்க தம்பி... ரயில்லதான் இருக்கேன்... ஆங்... ஆங்... அப்படியா!... அவரும் அழுதாரா?... கடவுளுக்கு ஸ்தோத்திரம்... இல்ல இல்ல, அவளுக்குத் தெரியாது... அதைக் கேட்டீங்களா? எது, உப்புச் சத்தமா? காலையில அனுப்பிட்டாளா?... சரி... அது சரிதான்... நானே சொல்லிக்கிடுதேன், நான் சொன்னா கேப்பா... ரொம்பச் சந்தோஷம் தம்பி, ரொம்ப ரொம்பச் சந்தோஷம்.

பலிச்சிட்டு தம்பி! கையைக் குடுங்க! காசு போட்டவரு எந்திரிச்சு நின்னுட்டாராம். "இதுதான் நம்ம படம்"னாராம். படம் முழுக்க அந்தப் பியானோதான், மாத்தவே கூடாதுன்னுட்டாங்க. எப்சி காலையிலதான் தன்னோடதை அனுப்பியிருக்கா, அதையும் கேட்டாங்களாம். "நல்லாத்தான் இருக்கு சார், ஆனா அதுதான் மனசுல நிக்குது"ங்காரு. அடுத்த படத்துக்கும் இவளையே பேசிட்டாராம், இதே மாதிரி வேணும்னு. என் பிள்ளை தப்பிச்சிட்டா. கனி, கேட்டியாட்டி, உன் மக தப்பிச்சிட்டா!

உங்க ஹெட்செட்டை மறுபடி மாட்ட வேண்டாம் தம்பி. மிச்சத்தைக் கேக்கணுமா? விட்டுருங்க, அது இனிப் படத்துல வராது.

இருங்க, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிருதேன். மணி போகுது... எடுக்கல. மறுபடி அடிக்கேன். போகுது, போகுது... கட் பண்ணிட்டா. எனக்கு முந்தி அவங்களே சொல்லியிருப்பாங்க, சந்தோஷத்துல திக்குமுக்காடிப் போயிருப்பா. நேரா வீட்டுக்கே போயிருதேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டா, அந்த வெயில்ல, அந்த உப்புல. இனி அந்தப் பாடெல்லாம் அவளுக்கு இல்ல தம்பி. இனி அவ புதுசா ஒண்ணுமே எழுத வேண்டாம்.